பிக்கப் வண்டியைத் தாழ்த்தும் ஸ்பிரிங்குகளைத் தேர்ந்தெடுக்கும் முறை

கட்டை வண்டிக்கும் வில்வண்டிக்கும் உள்ள வேற்றுமையை விவசாயிகள் நன்கு அறிவர். கட்டை வண்டியில் பாரம் நேரே அச்சின்மீது அமர்கிறது. வில்வண்டியிலோ அது பட்டைகளின்மீது அமர்ந்து, அவற்றின் வழியாக அச்சைச் சேர்கிறது. நெல்மூட்டைக்குக் கட்டை வண்டியும், மனிதர் ஏறிச் செல்வதற்கு வில்வண்டியும் ஏற்பட்டமைக்குக் காரணம் இதுவே. ஒரே வண்டி இவ்விரு வேலைகளையும் செய்யவேண்டுமென்று விரும்பினால், எதற்காக எதை எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்ற கேள்வி உடனே எழுகிறது. பிக்கப் வண்டியைத் தாழ்த்தும் விஷயம் முழுவதும் இக்கேள்வியில் அடங்கியுள்ளது.

பிக்கப் வண்டிகள் இப்பொழுது கிராமங்களில் சாதாரணமாகிவிட்டன. அவற்றின் ஸ்பிரிங்குகளை மாற்றி, உடலைத் தரையை நோக்கி இறக்கிக்கொள்ளும் ஆசை இளைஞர் பலருக்கு உண்டு. இவ்வழக்கம் பெரிதும் வளர்ந்த இடம் அமெரிக்க ஐக்கிய நாடுகள் ஆகும். அங்கு இது எந்த வண்டிகளில், எந்த நோக்கத்துடன், எந்த விலையைக் கொடுத்துச் செய்யப்படுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால், தன் வண்டிக்கு அது தகுமா தகாதா என்பதை ஒவ்வொருவரும் தாமே நிர்ணயிக்கலாம்.

அமெரிக்காவின் வேகப் பிக்கப்புகள்

அந்நாட்டுத் தொழிற்சாலைகளே வேகத்திற்கென்று சில பிக்கப்புகளைச் செய்து விற்றன. ஜி.எம்.சி. நிறுவனத்தார் 1991-ல் வெளியிட்ட ‘சைக்ளோன்’ என்ற சிறிய பிக்கப்பு, டர்போ பொருத்திய 4.3 லிட்டர் எஞ்சினால் 280 குதிரைச் சக்தியைத் தந்தது. ஃபோர்டு நிறுவனத்தாரின் எஃப்-150 ‘லைட்னிங்’ 1993 முதல் 1995 வரையிலும், புதிய அமைப்பில் 1999 முதல் 2004 வரையிலும் விற்கப்பட்டது. 1999-ம் வருஷத்து மாதிரியின் சக்தி 360 குதிரை. டாட்ஜ் ‘ராம் எஸ்.ஆர்.டி.-10’ என்னும் வண்டி 8.3 லிட்டர் அளவுள்ள பத்துச் சிலிண்டர் எஞ்சினை உடையது. 2004 பிப்ரவரியில் அது மணிக்கு 154.587 மைல், அதாவது சுமார் 249 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிச் சாதனை செய்தது.

இவற்றின் வேகத்தைப் பேசுவோர் பலர். இவை ஏற்றும் பாரத்தைப் பேசுவோர் சிலரே. சைக்ளோனுக்கு அனுமதிக்கப்பட்ட பாரம் 500 ராத்தல் மட்டுமே. ஒரு ராத்தல் சுமார் 454 கிராம் ஆதலால் இது 227 கிலோ ஆகும். 50 கிலோ உரமூட்டை ஐந்தை அதில் ஏற்ற இயலாது. 1999-ம் வருஷத்து லைட்னிங்கின் பாரம் 800 ராத்தல், அதாவது 363 கிலோ. ஏழு மூட்டைக்கு மேல் கூடாது. பிற்காலத்து லைட்னிங் மாதிரிகளில் இவ்வளவு 1,000 ராத்தலுக்கு மேல் உயர்த்தப்பட்டது. இந்நாட்டு விவசாயிகள் உபயோகிக்கும் பிக்கப்புகளில் பல ஒரு டன்னுக்கு மேல் ஏற்றுவன. தாழ்ந்து, விரைந்து, வளைவில் சாயாமல் ஓடும் பிக்கப்பைத் தொழிற்சாலை நிபுணர்களே செய்தபோதும், பாரத்தைக் குறைத்தே அதைச் செய்தார்கள் என்பது முதலில் மனத்திற் கொள்ளத்தக்கது.

தாழ்த்துவதால் வரும் நன்மை

வண்டி வளைவில் திரும்பும்போது உட்புறச் சக்கரங்களின் பாரம் குறைந்து, வெளிப்புறச் சக்கரங்களின்மேல் ஏறுகிறது. இவ்வாறு இடம் மாறும் பாரம், வண்டியின் பளு மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் உள்ளதோ அதற்கு ஏற்ப இருக்கும். பளு மையம் 28 அங்குல உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டால், வண்டியை 2 அங்குலம் இறக்கும்போது இடம் மாறும் பாரம் பதினான்கில் ஒரு பங்கு குறையும். இது மெய்யான நன்மையே. ஆனால் பலர் நினைக்கும் அளவு பெரிதன்று. தாழ்த்திய வண்டி வளைவில் உறுதியாக நிற்பதற்குப் பெரும் காரணம், தாழ்த்தும் ஸ்பிரிங்கு பழையதைவிட விறைப்பாக இருப்பதே ஆகும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. பெரும்பாலான பிக்கப்புகளில் முன்சக்கரம் மேலும் கீழுமாக இரண்டு கைகளால் பிடிக்கப்பட்டிருக்கிறது. வண்டியை அதிகமாகத் தாழ்த்தினால் இக்கைகள் சக்கரத்தை நோக்கி மேலே சரிகின்றன. அப்போது உடல் எதைச் சுற்றிச் சாய்கிறதோ அந்த மையம், பளு மையத்தைக் காட்டிலும் அதிகமாகக் கீழே இறங்கிவிடும். ஆகையால் விறைப்பைக் கூட்டாமல் உயரத்தை மட்டும் குறைத்த வண்டி, முன்னைவிட அதிகமாகச் சாய்வதும் கூடும்.

தாழ்த்துவதால் வரும் நஷ்டம்

அச்சுக்கும் சேஸிஸுக்கும் இடையே, சக்கரம் மேடு ஏறும்போது எழுவதற்கு ஓர் இடைவெளி விடப்பட்டிருக்கிறது. இதன் எல்லையில் தடுப்பு ரப்பர் இருக்கும். வண்டியை எத்தனை அங்குலம் தாழ்த்துகிறோமோ, பெரும்பாலும் அத்தனை அங்குலம் இந்த இடைவெளியிலிருந்து கழிகிறது.

இதன் பலனைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். சக்கரத்தில் ஓர் அங்குலத்திற்கு 200 ராத்தல் விறைப்பும், ரப்பர்வரை 3½ அங்குல இடைவெளியும் உள்ள ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோர், அதன் ஸ்பிரிங்கு உள்வாங்கக்கூடிய அதிர்ச்சியை இவ்வாறு அறியலாம்: விறைப்பின் பாதியை இடைவெளியின் வர்க்கத்தால் பெருக்கவேண்டும். தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையில் இது 1,225 ஆகும். ஓர் அங்குலம் தாழ்த்தினால் 625 ஆகிறது. இரண்டு அங்குலம் தாழ்த்தினால் 225 மட்டுமே. உயரத்தில் இரண்டு அங்குலம் குறைய, அதிர்ச்சியைத் தாங்கும் திறனில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் போய்விடுகிறது.

போன திறனை விறைப்பினால் மீட்கலாமா எனில், ஓர் அங்குலத் தாழ்வுக்கு 200 என்பதை 392 ஆக, அதாவது ஏறக்குறைய இரட்டிப்பாக்க வேண்டும். இரண்டு அங்குலத் தாழ்வுக்கு 1,089 ஆக, அதாவது ஐந்து மடங்குக்கு மேல் ஆக்கவேண்டும். அவ்வளவு விறைப்பில் சக்கரம் தரையை விட்டு எகிறும். ஆகவே சிறிதளவு தாழ்வைச் சரியான ஸ்பிரிங்கினால் ஈடு செய்யலாம். பெருந்தாழ்வை ஸ்பிரிங்கு ஒன்றினால் மட்டும் ஈடு செய்ய இயலாது. தேர்ந்தெடுக்கும் காரியத்தில் தலையான விதி இதுவே.

பின்புறமும் பாரமும்

கார்களுக்கும் பிக்கப்புக்கும் உள்ள பெரிய வேற்றுமை பின்னச்சில் உள்ளது. காரின் பின்னச்சுப் பாரம் நாளுக்கு நாள் அதிகமாக மாறுவதில்லை. பிக்கப்பிலோ தொட்டி காலியாக இருக்கும்போது பின்னச்சு இலேசாகவும், மூட்டை ஏற்றியபின் பன்மடங்கு கனமாகவும் ஆகிறது. அதனால்தான் பின்னால் பல பட்டைகளை அடுக்கிய ஸ்பிரிங்கு அமைக்கப்படுகிறது. பாரம் ஏறிய பின்பே வேலை செய்யத்தொடங்கும் உதவிப் பட்டையும் பல வண்டிகளில் உண்டு.

பின் ஸ்பிரிங்குகள் இரண்டும் சேர்ந்து ஓர் அங்குலத்திற்கு 400 ராத்தல் விறைப்பும், காலி வண்டியில் 4½ அங்குல இடைவெளியும் கொண்டவை என்று வைத்துக்கொண்டால், பின்னச்சின்மேல் 800 ராத்தல் ஏற்றும்போது வண்டி 2 அங்குலம் இறங்கி, 2½ அங்குலம் மிஞ்சும். அவ்வண்டியையே முன்கூட்டி 2 அங்குலம் தாழ்த்தியிருந்தால், மிஞ்சுவது அரை அங்குலமே. பாதையில் உள்ள ஒவ்வொரு குழியிலும் அச்சு ரப்பரை மோதும். அம்மோதல் சேஸிஸுக்கும், பட்டைகளுக்கும், அச்சைப் பிணைக்கும் யூ போல்ட்டுகளுக்கும் போய்ச் சேரும். விறைப்பை 600 ஆக உயர்த்தினாலும் மிஞ்சும் இடைவெளி ஓர் அங்குலத்தைச் சற்றே தாண்டும். அத்துடன் காலியாக ஓடும்போது பின்புறம் துள்ளி, ஈரச்சாலையில் பிடிப்பை இழக்கும்.

ஆகவே பின் ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுக்குமுன், வண்டி வருஷத்தில் எத்தனை நாள் பாரத்துடன் ஓடுகிறது என்பதை உடையவர் உண்மையாகத் தமக்குள் கேட்டுக்கொள்ளவேண்டும். அறுவடைக் காலத்துப் பத்து நாள் மட்டும் பாரம் ஏற்றப்பட்டாலும், வண்டி அந்தப் பத்து நாளுக்கு ஏற்றதாகவே இருக்கவேண்டும்.

முன் ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுக்கும்போது கவனிக்கவேண்டியவை

முதலாவது, முன்னச்சின் எடை. ஒரே பெயருள்ள பிக்கப்பு ஆறு சிலிண்டர் எஞ்சினுடனும் எட்டுச் சிலிண்டர் எஞ்சினுடனும், சிறிய அறையுடனும் பெரிய அறையுடனும் விற்கப்படுகிறது. இலேசான வண்டிக்கென்று செய்த ஸ்பிரிங்கைக் கனமான வண்டியில் பொருத்தினால், சொன்ன தாழ்வைவிட அதிகமாக இறங்கிவிடும். விலைப்பட்டியலில் எஞ்சின், அறை, வருஷம் ஆகிய மூன்றும் தம் வண்டியோடு பொருந்துகின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, விறைப்பு. சுருள் ஸ்பிரிங்கின் விறைப்பு கம்பியின் கனத்தை நாலாம் படியில் பின்பற்றுகிறது. மற்றவை மாறாமல் கம்பியின் கனம் நூற்றுக்கு 5 பங்கு கூடினால், விறைப்பு சுமார் 22 பங்கு கூடும். கண்ணால் பார்த்து இரண்டு ஸ்பிரிங்குகளும் ஒன்றே என்று முடிவு கட்டுவது தவறு. விறைப்பைக் குறிப்பிடாமல் தாழ்வை மட்டும் சொல்லி விற்கப்படும் ஸ்பிரிங்கை வாங்காதிருத்தல் நலம்.

மூன்றாவது, ஸ்பிரிங்கு அமர்ந்துள்ள இடம். அது சக்கரத்திலிருந்து உள்வாங்கி, கீழ்க்கையின் நடுவில் அமர்ந்திருக்கும். கையின் நீளத்தில் பத்தில் ஆறு பங்கில் அமர்ந்த ஸ்பிரிங்கின் விறைப்பு 600 ஆனால், சக்கரத்தில் உணரப்படுவது 600-ஐ 0.6-ன் வர்க்கத்தால் பெருக்கிய 216 மட்டுமே. ஒரு வண்டியின் ஸ்பிரிங்கு எண்ணை வேறு வண்டியின் எண்ணோடு நேராக ஒப்பிடலாகாது.

நாலாவது, தாழ்வின் அளவு. ஓர் அங்குலம், மிஞ்சினால் இரண்டு அங்குலம் வரையில் ஸ்பிரிங்கினால் தாழ்த்தலாம். அதற்கு மேல் வேண்டுவோர் அமெரிக்காவில் ‘டிராப் ஸ்பிண்டில்’ என்ற உறுப்பை உபயோகிக்கின்றனர். இதில் சக்கரத்தைத் தாங்கும் முனை மேலே ஏற்றி அமைக்கப்பட்டிருப்பதால், ஸ்பிரிங்கின் நீளமும் கைகளின் சரிவும் மாறாமலே வண்டி இறங்குகிறது. சக்கரம் எழுவதற்கான இடைவெளி பெரும்பாலும் காக்கப்படுவது இம்முறையின் சிறப்பு.

பின்புறத்தைத் தாழ்த்தும் முறைகள்

பின் பட்டைகளைத் தாழ்த்துவதற்கு மூன்று வழிகள் வழக்கத்தில் உள்ளன. வளைவு குறைந்த புதிய பட்டைகளைப் பொருத்துவது முதல் வழி. விறைப்பையும் பாரத்தையும் கணக்கிட்டுச் செய்த பட்டைகள் கிடைக்குமானால் இதுவே சிறந்தது. பட்டை தொங்கும் கொக்கிகளையும் தாங்கிகளையும் மாற்றி உயரத்தைக் குறைப்பது இரண்டாம் வழி. பட்டைக்குக் கீழே உள்ள அச்சைப் பட்டைக்கு மேலே மாற்றிக் கட்டுவது மூன்றாம் வழி. இதில் வண்டி ஐந்தாறு அங்குலம் இறங்குவதால், அச்சு எழும் இடத்தில் சேஸிஸையே பிறைபோல் வெட்டி, இரும்பு வைத்துப் பலப்படுத்தவேண்டி வருகிறது. பாரம் சுமக்கும் வண்டிக்கு இது ஒருபோதும் ஏற்றதன்று.

அச்சுக்கும் பட்டைக்கும் இடையே வைக்கும் கட்டைகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை வேண்டும். அச்சு பட்டைக்குக் கீழே இருந்தால் கட்டை வண்டியை உயர்த்தும். மேலே இருந்தால் தாழ்த்தும். இதை அறியாமல் வாங்கி ஏமாறுவோர் உண்டு.

ஸ்பிரிங்கோடு மாறவேண்டியவை

உயரம் மாறினால் அதனோடு தொடர்புள்ள பல உறுப்புகளும் சரிசெய்யப்பட வேண்டும். ஷாக் அப்சார்பர் பழைய நீளத்திலேயே இருந்தால் அடிமுட்டி உடையும். புதிய விறைப்பை அடக்கவும் மாட்டாது. தடுப்பு ரப்பர் புதிய இடைவெளிக்கு ஏற்ற அளவில் இருக்கவேண்டும். அதை அறவே நீக்குவது இரும்போடு இரும்பை மோதவிடுவதாகும். முன்சக்கரங்கள் மேற்புறம் உள்சாய்ந்துவிடுவதால், வீல் அலைன்மென்ட் பாராத வண்டியில் டயரின் உள்விளிம்பு விரைவில் தேயும். பின்புறத்தை மட்டும் இறக்கினால் முன்விளக்கின் ஒளி எதிரே வருவோரின் கண்ணைக் கூசச்செய்யும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது பிரேக்கு. பல சிறு சரக்கு வண்டிகளில் சேஸிஸுக்கும் பின்னச்சுக்கும் இடையே ஒரு நெம்புகோல் வால்வு உண்டு. வண்டி இறங்கியிருந்தால் பாரம் ஏறியிருக்கிறது என்று கொண்டு, அது பின்சக்கரங்களுக்கு அதிக பிரேக்கு அழுத்தத்தை விடுகிறது. காலி வண்டியைத் தாழ்த்திவிட்டு இவ்வால்வைத் திருத்தாமல் விட்டால், பாரமில்லாத பின்சக்கரங்களுக்கும் பாரத்திற்குரிய அழுத்தம் போகும். அவசரமாகப் பிரேக்கை மிதிக்கும்போது அவை இறுகி நின்று, வண்டியின் பின்புறம் பக்கவாட்டில் வீசிவிடும். ஸ்பிரிங்கை மாற்றிய பட்டறைக்காரர் இதைத் தொட்டாரா என்று கேட்டறிவது உடையவரின் கடமை.

விலக்கவேண்டிய முறைகள்

செலவைக் குறைக்கக் கருதிச் சிலர் சுருளில் ஒரு சுற்றை வெட்டிவிடுகின்றனர். வேலை செய்யும் சுற்றுகள் எட்டில் ஒன்றை வெட்டினால் விறைப்பு ஏழில் ஒரு பங்கே உயரும். இடைவெளியில் போன திறனுக்கு இது ஈடாகாது. வெட்டிய முனை இருக்கையில் சரியாக அமர்வதுமில்லை. சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது ஸ்பிரிங்கு இடம் பெயரக்கூடும். சுருளையோ பட்டையையோ நெருப்பில் காய்ச்சி இறக்குவது இதைவிடக் கேடானது. எஃகுக்குத் தொழிற்சாலையில் ஏற்றப்பட்ட பதம் கெட்டு, அது நாளடைவில் தொய்யும். திடீரென ஒடிவதும் உண்டு. பட்டைக் கட்டில் ஒன்றிரண்டைக் கழற்றிவிடுவதும் அவ்வகையே. எஞ்சிய பட்டைகள் அனைத்துப் பாரத்தையும் சுமக்க நேரிடும்.

அளந்து பார்க்கும் முறை

வாங்குவதற்கு முன் செய்யவேண்டிய வேலை எளிது. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, டயர்க் காற்றைச் சரிபார்த்து, சக்கரத்தின் மையத்திலிருந்து மேலே மட்கார்டு விளிம்புவரை நான்கு மூலைகளிலும் அளந்து எழுதவேண்டும். பிறகு தடுப்பு ரப்பருக்கும் அது மோதும் இடத்துக்கும் உள்ள இடைவெளியை அளக்கவேண்டும். இவ்விரண்டையும் காலியாக ஒருமுறையும், வழக்கமான முழுப்பாரத்துடன் ஒருமுறையும் செய்யவேண்டும். எடைமேடையில் முன்னச்சையும் பின்னச்சையும் தனித்தனியே நிறுத்திக் குறித்துக்கொள்வது அவசியம். பாரத்துடன் உள்ள இடைவெளியிலிருந்து விரும்பும் தாழ்வைக் கழித்தால் மிஞ்சுவது என்ன என்பதே விடை. மிஞ்சுவது மிகச் சிறிதானால் அவ்வண்டியைத் தாழ்த்தாதிருப்பதே அறிவுடைமை. புதிய ஸ்பிரிங்கு சில வாரங்களில் சற்றே அமரும். அப்பொழுது மறுபடியும் அளந்து, வீல் அலைன்மென்டைத் திரும்பப் பார்த்தல் வேண்டும்.

சட்டம்

இந்தியாவில் 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்தவற்றுக்கு மாறுபடும்படி வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இவ்விதியை உறுதிப்படுத்தித் தீர்ப்பளித்தது. அமெரிக்க வழக்கத்தைக் கண்டு இங்கு அப்படியே செய்ய விரும்புவோர், வேலையைத் தொடங்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலமாகக் கேட்டறிதல் வேண்டும். கிராம அலுவலர்களும் தங்களை யோசனை கேட்போருக்கு இதை எடுத்துச் சொல்வது நன்று.

சுருக்கம்

1. தாழ்த்தும் ஸ்பிரிங்கு வளைவில் உறுதியைத் தரும். அதற்கு விலையாகப் பாரத்தையும் பள்ளத்தைத் தாங்கும் திறனையும் எடுத்துக்கொள்ளும்.

2. அதிர்ச்சியைத் தாங்கும் திறன், தாழ்த்தியபின் மிஞ்சும் இடைவெளியின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும்.

3. எஞ்சின், அச்சு எடை, விறைப்பு ஆகியவை தெரியாமல் ஸ்பிரிங்கு வாங்கலாகாது.

4. ஷாக் அப்சார்பர், தடுப்பு ரப்பர், அலைன்மென்ட், விளக்கு, பிரேக்கு வால்வு ஐந்தையும் உடன் திருத்தவேண்டும்.

5. வெட்டுவதும் காய்ச்சுவதும் கூடா.

6. விளைபொருளைச் சந்தைக்குச் சுமக்கும் வண்டி, அதை உண்டாக்கியவர் வைத்த உயரத்திலேயே இருப்பது மேல். உல்லாசத்திற்கும் விரைவுக்குமென்று தனி வண்டி வைத்திருப்பவர் மட்டும், அளந்து, எண்ணி, அனுமதி பெற்று, சிறிதளவே தாழ்த்திக்கொள்ளலாம்.